களரிக்கு நாலு பக்கமும் சனம்

நாவலடிச் சந்தியில் பஸ் வடக்கே திரும்பியதும் கூட்டம் பாதியாகிவிட்டது. ஓட்டமாவடியில் ஏறியவர்கள் சந்தியோடு இறங்கிக்கொண்டார்கள். மிஞ்சியவர்கள் காயான்கேணி, மாங்கேணி, வாகரை, கதிரவெளி என்று கரையோர ஊர்களுக்குப் போகிறவர்கள். மடியில் சாமான் பை, காலடியில் மாச்சாக்கு. பக்கத்தில் இருந்த அம்மா நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். கொழும்பிலிருந்து கூத்துப் பார்க்க வருகிறேன் என்றேன். "கொழும்பிலயிருந்து கூத்துக்கா வாறீங்க?" என்று நம்பாமல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "விடியுமட்டும் இருந்து பாக்கணும். பாதியில எழும்பிப் போறதெண்டா வராமலே இருக்கலாம்" என்றார்.

வெள்ளவத்தையில் குடியிருக்கிறவனுக்கு நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. கதிரேசன் மண்டபத்தில் ஒரு கச்சேரி இருக்கும், லயனல் வெண்ட் அரங்கில் ஒரு நாடகம் இருக்கும், 2011இல் திறந்த தாமரைத் தடாக அரங்கில் இந்தியாவிலிருந்து வந்த பாடகர் ஒருவர் இருப்பார். வேலை முடிந்து காலி வீதி நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் இரண்டு இரண்டரை மணித்தியாலம் இருட்டில் உட்கார்ந்திருக்கலாம். அந்த மாலைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவற்றில் சில என்னைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஆனால் முடிந்து வெளியே வந்ததும், பக்கத்து இருக்கையில் இருந்தவர் யார் என்றே தெரியாமல் ஆளுக்கொரு ஓட்டோவில் ஏறிப் பிரிகிறோம். மேடையில் இருந்தவருக்கும் எங்களுக்கும் உள்ள உறவு ரிக்கெற்றோடு தொடங்கி ரிக்கெற்றோடு முடிகிறது.

2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்த இரவை நாங்கள் எல்லோரும் போன்களில் பார்த்தோம். காசு கட்டியவர்களுக்கு முன்னால் இருக்கை, மற்றவர்களுக்குப் பின்னால் நிற்க இடம். பின்னால் நின்ற சனம் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது, நிகழ்ச்சி இடையில் நின்றது. அடுத்த சில நாட்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டிலும் ஒரே பேச்சு: எங்கட பொடியளுக்கு ஒழுங்கு தெரியாது. எனக்கு அந்தப் பேச்சு சரியாகப் படவில்லை. ஊரின் பொது வெளியில், ஊர்ச் சனத்தையே தடுப்புக்கு அப்பால் நிறுத்தி வைத்து நடக்கும் நிகழ்ச்சியில் சனத்துக்கு என்ன பங்கு இருக்கிறது? பார்ப்பவருக்கு அந்த மேடையில் ஒரு உரிமை இருந்தால் அதை அவரே காப்பாற்றுவார். இதை எங்கேயாவது கண்ணால் காண முடியுமா என்ற எண்ணம்தான் என்னை வாகரை வரைக்கும் கொண்டுவந்தது. இங்கே படிப்பிக்கும் நண்பர் ஒருவர், தன் ஊரில் வைகாசியில் 'பதின்மூன்றாம் போர்' கூத்து அரங்கேறுகிறது என்று சொல்லி அழைத்திருந்தார்.

மாங்கேணியில் கஜுத் தோட்டம் தாண்டினால் பனிச்சங்கேணிப் பாலம். இரண்டு பக்கமும் களப்பு விரிந்து கிடக்கிறது. கரையை ஒட்டிக் கண்டல் மரங்கள், இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நிற்கும் ஆட்கள், ஒரு தோணியில் நண்டுக்கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்த பொடியன். யுத்த காலத்தில் இந்த வீதியால் நினைத்தபடி போய்வர முடியாது. இப்போது மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு நேரே ஓடலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு அங்கே பாதையில், அதாவது இயந்திரத் தெப்பத்தில், ஏறி இறங்கும் வேலையும் இல்லாமல் போனது. அதனால் நிலாவெளிக் கடற்கரைக்குப் போகும் வான்கள் வாகரையை ஒரு பெயர்ப்பலகையாக மட்டும் கண்டுகொண்டு பறக்கின்றன.

கொழும்பில் இருந்த எங்களுக்கு வாகரை எப்போதும் செய்தி வாசிப்பவரின் குரலில்தான் வந்து சேர்ந்தது. 2004 மார்கழி 26இல் சுனாமி இந்தக் கரையை வாரிக்கொண்டு போனபோது பெயர் கேட்டோம். 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த சனத்தின்மேல் ஷெல் விழுந்து நாற்பதுக்கும் அதிகமானோர் செத்தபோது மறுபடி கேட்டோம். 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைப் பிடித்தது என்று கேட்டோம். அந்த மாதங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காட்டாலும் களப்பாலும் நடந்து தெற்கே போயின. பிறகு செய்தி வேறு ஊருக்குப் போய்விட்டது. சனம் திரும்பி வந்து கூரை போட்டதும், தோணி வாங்கியதும், பழைய மத்தளத்துக்குப் புதுத் தோல் இழுத்ததும் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

நான் பார்த்தது அரங்கேற்ற இரவை மட்டும்தான். கூத்து அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஊர் கூடி எந்தக் கூத்து ஆடுவது என்று பேசி முடிவெடுக்கும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் பொடியன்களின் குரலையும் காலையும் பார்த்து ஆளுக்கொரு பாத்திரம் பிரிப்பார். அவரவர் பாட்டை எழுதி வெற்றிலையோடு கையில் கொடுப்பது சட்டம் கொடுத்தல். பிறகு கடலுக்குப் போகாத இரவுகளெல்லாம் பழக்கம். கிழமைக்கு ஒருக்கால் ஊரார் முன்னால் ஆடிக்காட்டும் கிழமைக் கூத்து. கால் பிடிபட்டதும் சதங்கை அணிதல். முழுக்கூத்தையும் உடுப்பில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். கடைசியில்தான் அரங்கேற்றம். அதற்குப் பிறகும் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். இவ்வளவுக்கும் காசு ஊரில்தான் சேர்கிறது. ஒரு வீடு அரிசி, ஒரு வீடு தேங்காய், ஒரு மீன்வாடிக்காரர் ஜெனரேற்றருக்கு டீசல், சவூதியில் வேலை செய்யும் ஒரு மகள் உடுப்புக்குத் துணி. ஆகவே அரங்கேற்ற இரவுக்கு வருகிறவர் எவரும் அந்தக் கூத்துக்குப் புதியவரில்லை. பாட்டு பாதிக்கு மேல் எல்லோருக்கும் மனப்பாடம். யார் எங்கே தடுமாறுவான் என்பதுகூடத் தெரியும்.

களரி கோயில் வெளியில் இருந்தது. மண்ணை வட்டமாகக் குவித்து உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நாட்டி, மேலே வெள்ளை கட்டியிருந்தார்கள். நடுவில் அண்ணாவியாரும் மத்தளக்காரரும் தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும். ஆடுகிறவர்கள் அவர்களைச் சுற்றி ஆட வேண்டும். சனம் நாலு பக்கமும். இந்த அரங்குக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. பாயை எங்கே விரித்தாலும் அதுதான் முதல் வரிசை. நாங்கள் ஒன்பது மணிக்குப் போனபோது பாய்கள் ஏற்கெனவே இடம்பிடித்திருந்தன. பஸ்ஸில் வந்த அம்மா என்னைக் கண்டுவிட்டு, "இஞ்சால வா மனே, இதில இரி" என்று தன் பாயில் ஓரமாக இடம் விட்டார்.

உடுப்புக் கட்டும் கொட்டிலுக்கு நண்பர் என்னைக் கூட்டிப் போனார். கூத்தின் சயிந்தவன் பாத்திரத்தை ஆடப்போகிற மனிதர் ஒரு கதிரையில் இருந்தார். பகலில் கரைவலை இழுக்கிறவர். வடம் பிடித்துப் பிடித்து உள்ளங்கை மரத்துப்போய், விரல் மடிப்புகளில் வெடிப்பு. அந்தக் கையால் தன் காலில் சதங்கையைத் தானே கட்டினார். முதலில் கணுக்காலில் பழந்துணியைச் சுற்றி, அதன்மேல் சதங்கைத் தோலை இறுக்கி, எழும்பி நின்று ஒருமுறை மிதித்துப் பார்த்து, திருப்தியில்லாமல் அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். வடமோடிப் பாணிக் கூத்தின் கரப்புடுப்பை இரண்டு பேர் பிடித்து மாட்டிவிட்டார்கள். வட்டமாக விரிந்து நிற்கும் அந்த உடுப்போடும், தலையில் கெருடத்தோடும், கையில் வில்லோடும் அவர் இரவு முழுக்கத் துள்ளி ஆட வேண்டும். எவ்வளவு பாரம் என்று கேட்டேன். "வலையவிட இது லேசு தம்பி" என்றார். வாசலுக்குப் போகுமுன் மத்தளம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

கட்டியகாரன் வரவோடு, அதாவது அவன் களரிக்குள் நுழையும் ஆட்டத்தோடு, தொடங்கியது. ஒவ்வொரு வரவுக்கும் ஒரு தாளக்கட்டு. ராசாவின் கால் வேறு, மந்திரியின் கால் வேறு. அண்ணாவியார் வாயால் சொல்ல, மத்தளம் அதை வாங்கிக் கொடுக்க, ஆடுகிறவன் கால் பதில் சொல்கிறது. ஒருவன் களரிக்குள் வந்ததும் எங்கேயோ ஒரு மூலையில் வெடி கொளுத்துகிறார்கள். அந்த மூலையில் அவன் வீட்டார் இருக்கிறார்கள் என்று அர்த்தம். மாமன் சால்வை போர்த்துகிறார், சித்தி கையில் காசு வைக்கிறார், அது மைக்கில் பெயரோடு அறிவிக்கப்படுகிறது. தாளம் பிசகினால் யாரும் பேசாமல் இருக்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த கிழவர் ஒருவர், தருமருக்கு இரண்டாம் அடி பிந்துகிறது என்று நடுக்களரிக்குக் கேட்கவே சொன்னார். அண்ணாவியார் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த சுற்றில் தருமரின் கால் சரியாகியிருந்தது. கொழும்பு அரங்கொன்றில் இப்படிச் செய்தால் என்னை வெளியே கொண்டுபோய் விடுவார்கள். இங்கே அந்தக் கிழவர் முப்பது வருடத்துக்கு முன்னால் இதே தருமருக்கு ஆடியவர்.

'பதின்மூன்றாம் போர்' அபிமன்யு மடியும் கதை. பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள். சக்கர வியூகத்துக்குள் புகத் தெரிந்த பிள்ளைக்கு வெளியே வரத் தெரியாது. பின்னால் வந்து காக்க வேண்டியவர்களைச் சயிந்தவன் வாசலில் மறித்துவிடுகிறான். விடியப்புறம் மூன்று மணியளவில் அந்தக் கட்டம் வந்தது. அபிமன்யுவாக ஆடியவன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பொடியன், மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. அதுவரை படுத்திருந்த பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்பினார்கள். தாய் சுபத்திரையிடம் அவன் விடைபெறும் பாட்டை ஆண் ஒருவர்தான் பெண்குரலில் பாடினார், ஆனால் அப்போது அதை யாரும் நினைக்கவில்லை. பஸ்ஸில் வந்த அம்மா பாயில் இருந்து எழும்பி நின்றார். சயிந்தவன் வழி மறித்தபோது, "ஏண்டா பாவி, பச்சைப் பிள்ளையெலுவாடா அவன்" என்று கத்தினார். அவருக்கு அந்த மனிதர் சொந்தத் தம்பி முறை. வேறு பக்கங்களிலிருந்தும் பெண்குரல்கள் எழும்பின. சில நிமிடங்களுக்குப் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. மத்தளம் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கரையில் யுத்தத்துக்குப் பிள்ளை கொடுக்காத, பறிகொடுக்காத வீடு குறைவு. இயக்கத்துக்குப் போன பிள்ளை, பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளை, ஷெல்லில் போன பிள்ளை, இன்றுவரைக்கும் எங்கே என்று தெரியாத பிள்ளை. இதைப் பற்றி வந்த அறிக்கைகளில் பலவற்றை நான் வாசித்திருக்கிறேன். அவை தேவை, சாட்சியாக என்றைக்கும் நிற்க வேண்டியவை. ஆனால் கொன்றவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, ஊரே தன் பக்கத்தில் நிற்க ஏசுவதற்கு ஒரு தாய்க்கு இந்த நாட்டில் இடம் எங்கே இருக்கிறது? ஆணைக்குழுக்களின் முன்னால் பதிவுப் படிவத்தோடு வரிசையில் நின்றவர்கள் இவர்கள். களரியில் அவர்களுக்குப் படிவம் தேவைப்படவில்லை. ஏசி முடித்த பிறகு அந்த அம்மா அழவில்லை. உட்கார்ந்து, பையிலிருந்து வெற்றிலை எடுத்து மடித்து, எனக்கும் ஒன்று தந்தார்.

அபிமன்யு விழுந்த பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டார்கள். தேத்தண்ணிக் கடையில் ஆண்கள் கூடியிருந்தார்கள். நாட்டு நடப்பெல்லாம் அங்கே பேசுபொருள். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 22 மாவட்டங்களில் 21ஐ வென்றபோது மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சிக்குப் போனது. அது பெருமையா, தனித்துப் போனதா என்பதில் இன்னமும் சண்டை. ஆனால் எல்லாப் பேச்சும் கடைசியில் மண்ணில்தான் வந்து முடிந்தது. வாகரைக் கரையில் இல்மனைட் இருக்கிறது. கடல் மண்ணோடு கலந்து கறுப்பாகத் தெரியும் அந்தக் கனியத்தை வெள்ளைப் பெயின்ற் செய்ய உலகம் வாங்குகிறது. வடக்கே புல்மோட்டையில் அரச நிறுவனம் அதை நீண்டகாலமாக அள்ளுகிறது. இங்கேயும் அள்ள வேண்டும் என்ற திட்டமும், களப்பை ஒட்டி இறால் பண்ணை போடும் திட்டமும் வந்தபோது வாகரைச் சனம் பதாகைகளோடு வீதிக்கு இறங்கியது. புத்தளம் பக்கத்தில் 1990களில் வெண்புள்ளி நோய் வந்து இறால் பண்ணைகள் விழுந்ததும், வெட்டிய கண்டல் காடு திரும்பி வராததும் இந்த மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும். "மண்ண அள்ளினா கடல் வீட்டுக்க வரும். சுனாமி வந்தது எவ்வளவு தூரம் எண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார் ஒருவர். அவர் நிலத்தைக் காலால் காட்டிய இடம் களரியிலிருந்து பத்து அடிகூட இல்லை.

கொழும்பில், வாகரைச் சனம் வீதிக்கு இறங்கிய செய்தியை நான் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வாசித்துவிட்டுக் கடந்திருக்கிறேன். காலிமுகத்திடலில் ஜனாதிபதியைப் போகச் சொல்லி 2022 ஏப்ரல் 9இல் தொடங்கிய போராட்டம் அப்போது ஞாபகம் வந்தது. அங்கேயும் இரவிரவாகப் பாட்டும் நாடகமும் இருந்தன, ரிக்கெற் இல்லை, யாரும் மேடை ஏறலாம். மே 18இல் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல்கூட அந்தத் திடலில் நடந்தது. கொழும்பில் அப்படியொரு மாலையை நான் முன்பு கண்டதில்லை. ஜூலையில் ஜனாதிபதி போனார், அதே மாதத்தில் கூடாரங்களையும் பிடுங்கி எறிந்தார்கள், அந்த மேடையும் போய்விட்டது. அந்தத் திடலில் எவருக்கும் வீடில்லை. வேலைக்கும் வாடகைக்குமாக எல்லோரும் திரும்பிப் போக வேண்டியிருந்தது. வாகரையில் பார்க்கிறவரும் ஆடுகிறவரும் போராடுகிறவரும் ஒரே ஆள், மூன்றும் நடப்பது அவர் வீட்டு வாசலில். ஊரைக் கலைத்தால்தான் இந்த அரங்கைக் கலைக்கலாம். 2006இல் கலைத்தார்கள், அப்போதும் சனம் திரும்பி வந்து முதலில் செய்த வேலைகளில் ஒன்று மத்தளம் தேடியது என்று நண்பர் சொன்னார்.

கூத்தை நகரத்துக்குக் கொண்டுபோனவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று போட்டிராவிட்டால், படித்த தமிழர்கள் இதை நாட்டுப்புறத்தான் விளையாட்டு என்று ஒதுக்கியே வைத்திருப்பார்கள். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்து எழுதினார். ஆனால் படச்சட்ட மேடைக்குக் கூத்தை ஏற்றியபோது விடிய விடிய நடந்தது சில மணித்தியாலமாகச் சுருங்கியது, நாலு பக்கச் சனம் ஒரு பக்கமானது. சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் மட்டக்களப்பு நகரத்தை அண்டிய சீலாமுனையில் மறுபக்கத்தால் தொடங்கினார்கள். கூத்தைக் களரியிலேயே வைத்து, ஆடுகிற சனத்தோடு இருந்து பேசி, எதை மாற்றலாம், பெண்களை எப்படிக் காட்டுகிறோம் என்று கேட்டார்கள். இரண்டில் எது சரி என்று கேட்டால், வாகரையில் அந்த இரவைக் கண்ட பிறகு நான் சீலாமுனைப் பக்கம்தான் நிற்பேன். 'இராவணேசன்' எனக்குக் கலையைத் தந்தது. ஆனால் தருமரின் காலைத் திருத்திய அந்தக் கிழவருக்குப் படச்சட்ட மேடையில் இடமில்லை.

வாகரைக்குச் சடங்கு என்ற இன்னுமொரு அரங்கும் உண்டு. கரையோர வேடர் குடும்பங்கள் வாகரைப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள், தமிழ்தான் பேசுகிறார்கள். 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூல் அவர்களையும் பதிவு செய்திருக்கிறது. அவர்களுடைய சடங்கைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றி எழுதுவது சரியில்லை.

கிழக்கு வெளுத்தபோது அருச்சுனன் சபதம் போட்டுக்கொண்டிருந்தான். மங்களம் பாடி முடிந்ததும் சனம் எழும்பிப் போகவில்லை. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டே களரியைச் சுற்றி நின்று கணக்குப் பார்த்தது: யார் நன்றாக ஆடினான், எந்தப் பாட்டு பிசகியது, ஜெனரேற்றர் டீசல் போதுமாக இருந்ததா, அடுத்த கூத்து எது. வெறுங்காலோடு கெருடத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்த சயிந்தவனுக்கு பஸ் அம்மா தன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அபிமன்யுவாக ஆடிய பொடியன் ஒரு கொப்பியோடு அண்ணாவியாரிடம் வந்தான். மண் அள்ளுவதைப் பற்றி அவனும் கூட்டாளிகளும் கூத்து ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அண்ணாவியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, மண் அள்ள வாற கொம்பனிக்காரனுக்கு எந்த வரவு என்று கேட்டார். "அரக்கன் வரவு" என்றான் பொடியன் உடனே. அண்ணாவியார் இல்லை என்று தலையாட்டினார். "துரியோதனனும் ராசாதான். அவன் ராசா மாதிரித்தான் சபைக்கு வருவான், ராச வரவுதான் போடணும். அரக்கன் மாதிரி வந்தா ஊர் முதல் அடியிலேயே கண்டுபிடிச்சுத் துரத்திப்போடும், மறுகா கூத்து எங்க இருக்கு?" பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தருமரைத் திருத்திய கிழவர் அரக்கன் பக்கம். ஆவணியில் வெருகல் முருகன் கோயில் திருவிழா முடிந்த பிறகு சட்டம் கொடுப்பது என்று முடிவானது. வரவு எது என்பது முடிவாகவில்லை.